சம்பாக்கோவிலும் வேதபுரீசுவரர் கோயிலும்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு காட்டும் திருச்சபை – கும்பினி அரசு உறவு

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புதுச்சேரியில் சேசு சபையார், பிரெஞ்சுக் கும்பினி அரசு, தமிழ் வணிகக் குடிகள் ஆகிய முத்தரப்பினருக்கும் இடையே சமய வழிபாடு குறித்து நிலவிய உறவை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அரை நூற்றாண்டுக் காலம் இடிப்புக் கோரிக்கைகளைக் கடந்து நின்ற வேதபுரீசுவரர் கோயில் 1748 செப்டம்பரில் இடிக்கப்பட்டது. ஆளுநர் துய்ப்ளேயின் மனப்போக்கும் அவர் மனைவியின் தூண்டுதலும் மட்டுமே அதற்குக் காரணம் ஆகா. ஊரைவிட்டு வெளியேறிவிடுவோம் என்னும் குடிகளின் எதிர்ப்பு முறை முற்றுகைக் காலத்தில் வலுவிழந்ததும் கருதத்தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஆனந்தரங்கப் பிள்ளை, நாட்குறிப்பு, சேசு சபை, துபாசி, மகாநாட்டார், வழிபாட்டுரிமை

முன்னுரை

புதுச்சேரி மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தை ஊர்மக்கள் இன்றும் சம்பாக்கோவில் என்றே வழங்குகின்றனர். புனித பவுலின் பெயரைக் குறிக்கும் ‘சாவோ பாவுலோ’ என்னும் போர்த்துகேயத் தொடர் தமிழர் நாவில் திரிந்து ‘சம்பா’ என நின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை குறிப்பெழுதிய காலத்தில் இவ்விடத்திலிருந்த சேசு சபையாரின் தேவாலயத்தை அடுத்து வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. பிள்ளை அதனைப் பெரும்பாலும் ஈசுவரன் கோயில் என்றே குறிப்பிடுகிறார். இரு வளாகங்களுக்கும் இடையே இருந்தது ஒரு மதில். அம்மதிலுக்கு இப்புறமிருந்து எறிந்த பானை அப்புறம் விழும் அளவுக்கு நெருக்கம். இஃது உவமையன்று என்பது பின்னர் விளங்கும்.

பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்குகிறது. 1846இல் புதுச்சேரியில் வெளிச்சத்துக்கு வந்த இக்குறிப்புகள் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னை அரசால் வெளியிடப்பெற்றன. வணிக வரலாறு, படையெடுப்புகள், 18ஆம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழ் ஆகியவற்றுக்கு இந்நூல் சான்றாகப் பயன்படுத்தப்பட்ட அளவுக்கு, சமயத்துக்கும் ஆட்சிக்கும் இடையிலான உறவைக் காட்டும் சான்றாக இது நுணுகிப் படிக்கப்படவில்லை எனலாம். கோயில் இடிப்பு எல்லார்க்கும் தெரிந்த செய்தி. அக்கோயில் அதற்கு முன் ஏன் இடிக்கப்படவில்லை என்னும் வினாவே குறைவாகக் கேட்கப்பட்டது. நாட்குறிப்பு அவ்வினாவுக்கும் விடை வைத்திருக்கிறது.

அரசரின் சமயமும் கும்பினியின் வணிகமும்

1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி நிறுவப்பெற்றபோது கத்தோலிக்க சமயத்தை நிலைநாட்டுவதும் அதன் கடமைகளுள் ஒன்றாக அரசாணையில் இடம்பெற்றது. பதினான்காம் லூயி மன்னர் 1685இல், சீர்திருத்தத் திருச்சபையினர்க்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்து நகர ஆணையை நீக்கினார். அதன்பின் பிரான்சு நாட்டில் மன்னரின் சமயத்துக்குப் புறம்பான கிறித்தவர்க்கும் வெளிப்படையான வழிபாடு இல்லை. ஆயிரக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதே மன்னரின் கொடி பறந்த புதுச்சேரியிலோ சைவரும் வைணவரும் இசுலாமியரும் தத்தம் கோயில்களில் வழிபட்டு வந்தனர். பாரிசு நகரத்துக் குடிமகன் ஒருவனுக்கு இல்லாத உரிமை புதுச்சேரி நெசவாளிக்கு எங்ஙனம் வாய்த்தது?

இதற்குக் கொள்கை விளக்கம் தேடுவது வீண். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இவ்வூரில் பிரெஞ்சுக் குடியிருப்பை அமைத்தபோது கும்பினிக்கு வேண்டியிருந்தது துணி. துணிக்கு நெசவாளர் வேண்டும். நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துச் சரக்கை வாங்கித் தர வணிகர் வேண்டும். வணிகரையும் ஐரோப்பியரையும் இணைக்கத் துபாசி வேண்டும். இவருள் எவரும் புதுச்சேரியோடு கட்டப்பட்டவர் அல்லர். வடக்கே ஆங்கிலேயரின் சென்னப்பட்டினம், தெற்கே அவர்களுடைய கூடலூர்க் கோட்டை, அதற்கப்பால் பரங்கிப்பேட்டை, தேனியரின் தரங்கம்பாடி, ஒல்லாந்தரின் நாகப்பட்டினம் எனக் கடற்கரை நெடுகத் துறைமுகங்கள் இருந்தன. ஓரிடத்தில் மனம் புண்பட்ட வணிகன் மற்றோரிடத்தில் கடை விரிக்கலாம். 1693இல் ஒல்லாந்தரிடம் இழந்த புதுச்சேரியை 1699இல் மீளப்பெற்ற பிரெஞ்சுக்காரர், ஊரில் குடியேற்றத்தைப் பெருக்கவேண்டிய நிலையிலிருந்தனர். கோயிலைக் காத்தது இத்தேவையே.

சேசு சபையாரின் நிலை வேறு. மன்னர் கத்தோலிக்கர், ஊர் மன்னருடையது, ஆகவே தேவாலயத்தின் சுவரை ஒட்டிச் சிவன் கோயில் நிற்பது அவர்களுக்குப் பொருந்தாக் காட்சி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கோயிலை அகற்றவேண்டும், திருவிழா ஊர்வலங்களையும் மேளவாத்தியங்களையும் குறைக்கவேண்டும் என அவர்கள் ஆளுநர்களை வற்புறுத்தி வந்தனர். ஆயின் ‘திருச்சபை’ என ஒற்றைச் சொல்லால் அன்றைய புதுச்சேரிக் கிறித்தவத்தைச் சுட்டுவது பிழைபடும். ஐரோப்பியரின் பங்குப் பணி கப்புச்சின் துறவியரிடம் இருந்தது; பாரிசு வெளிநாட்டு மிஷன் சபையாரும் ஊரில் இருந்தனர். தமிழ்க் கிறித்தவரிடையே பணிசெய்த சேசு சபையார்க்கும் இவ்விரு சாரார்க்கும் இடையே கடும் பூசல் நிலவியது. மலபார்ச் சடங்குகள் பற்றிய பூசலில், 1703இல் புதுச்சேரியில் வந்திறங்கிய போப்பின் தூதர் தூர்னோன், சேசு சபையாரின் தழுவல் முறைகளுக்கு எதிராக 1704இல் ஆணை பிறப்பித்ததும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. தம் கிறித்தவத்தில் ‘தமிழ் வழக்கம்’ மிகுந்துவிட்டது என்று குற்றஞ்சாட்டப்பட்ட சபையாரே, மதிலுக்கு அப்பாலிருந்த கோயிலை அகற்றுவதில் முந்திநின்றனர். தம்மீது விழுந்த ஐயத்தைத் துடைக்கும் வேகமும் அதில் கலந்திருத்தல் கூடும்.

ஊரைவிட்டுப் போதல்

வழிபாட்டுக்கு இடையூறு நேர்ந்தபோதெல்லாம் புதுச்சேரித் தமிழ்க் குடிகள் மேற்கொண்ட எதிர்ப்பு முறை ஒன்றே: மகாநாட்டார் எனப்பட்ட சாதித் தலைவர்கள் கூடுவர், கடைகள் அடைபடும், குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விடுவதாக ஆளுநரிடம் தெரிவிப்பர். மர்த்தேன் காலத்தில் கோயில் குறித்து எழுந்த நெருக்கடியும், ஆளுநர் துலிவியே காலத்தில் 1714–15இல் விழாக்கள்மீது விதிக்கப்பட்ட தடைகளால் எழுந்த நெருக்கடியும் இவ்வழியே சென்று, அரசு இறங்கி வந்த பிறகே தணிந்தன.

இம்முறை புதுச்சேரியில் புதிதாகத் தோன்றியதன்று. வரிச்சுமை தாங்காமல் குடிகள் ஊரைவிட்டு நீங்கியதையும், சலுகை அளித்து அவர்களைத் திரும்ப அழைத்ததையும் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நிலம் மிகுதியாகவும் உழைப்போர் அரிதாகவும் இருந்த நாட்டில் ஆட்சியாளனைப் பணியவைக்கும் கருவி வாளன்று, வெறுமையான வீடு. கடற்கரைப் பட்டினத்தில், துணியையே செல்வமாகக் கொண்ட கும்பினியின்முன், அக்கருவி இன்னும் கூர்மை பெற்றது. ஏற்றுமதிக் கப்பல் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டது. சரக்கு ஒரு மாதம் தவறினால் ஓராண்டு வாணிகம் தவறும்.

1748ஆம் ஆண்டு இடிப்பைப் பதிவு செய்யுமிடத்துப் பிள்ளை பழைய வரலாற்றையும் நினைவுகூர்கிறார். சம்பாக்கோவில் பாதிரிமார் 50 ஆண்டுகளாக முயன்றும் முடியாமற்போன செயல் இது என்கிறார். முந்தைய ஆளுநர்கள், இது தமிழர் சீமை, கோயிலில் கைவைத்தால் தமக்கு அவப்பெயர் வரும், வணிகர் வரமாட்டார், பட்டணம் அழியும் என்று கருதி, மன்னரிடமிருந்து வந்த ஆணையையும் நிறைவேற்றாது வைத்தனர் என்பது அவர் கூற்றின் சாரம். இவ்விடத்தில் இரண்டு செய்திகள் குறிக்கத்தக்கன. ஒன்று, பிள்ளையின் மொழியில் ‘தமிழர்’ என்னும் சொல் இனத்தை மட்டும் குறிக்கவில்லை; கிறித்தவர், துலுக்கர் என்னும் சொற்களுக்கு இணையாக நின்று, அவ்விரு சமயமும் சாராத உள்ளூர் மக்களைக் குறிக்கிறது. தமிழ் பேசும் கிறித்தவர் அவர் வழக்கில் ‘கிறித்தவர்’ ஆகிவிடுகின்றனர். ‘இந்து’ என்னும் பெயர் ஆட்சி வழக்கில் வேரூன்றுவதற்கு முன் இருந்த சொல்லாட்சி இது. இன்றைய பொருளை ஏற்றி இத்தொடரைப் படித்தால் பிள்ளை சொல்லாததை அவர் வாயில் திணித்தவராவோம். மற்றொன்று, முந்தைய ஆளுநர்களின் வாதமாக அவர் தருவதில் வழிபாடு ஒருவரின் உரிமை என்னும் எண்ணம் எங்கும் இல்லை. அவப்பெயரும் வணிக இழப்புமே காரணங்கள்.

நைனியப்பப் பிள்ளை வழக்கு

வணிகத்தால் நின்ற பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதைப் பிள்ளையின் குடும்பமே அறிந்திருந்தது. அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளை சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது, அங்குத் தலைமைத் துபாசியாக இருந்த மைத்துனர் நைனியப்பப் பிள்ளையின் அழைப்பின்பேரில். தலைமைத் துபாசி கிறித்தவராகவே இருக்கவேண்டும் என்னும் சேசு சபையாரின் கோரிக்கை பாரிசு வரை சென்றிருந்தது. மீண்டும் பதவி பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்த எபேர் 1716 பிப்ரவரியில் நைனியப்பரைச் சிறையிலடைத்தார். கலகம் தூண்டியது, பதவியைத் தவறாகப் பயன்படுத்தியது முதலியன குற்றங்கள். ஏழைக் கிறித்தவர்க்கு உணவளித்தபோது செபமாலைகளை வழங்கினார் என்பதும் அவர்மீது சாட்டப்பட்டது. கிறித்தவ அறத்தைக் கிறித்தவரல்லாத ஒருவர் செய்ததே அங்கே குற்றமாக மாறியது.

விசாரணையின் மொழிநிலை தனியே கருதத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தமிழர், வழக்காவணம் பிரெஞ்சு, கேள்விகள் போர்த்துகேயத்தின் வழியே கடந்து வந்தன. மொழிபெயர்ப்பாளராக நின்றவர் சேசு சபையாரின் உபதேசியார் மகன். நீதி அரசினுடையது, அதன் நாக்கோ ஒரு சபையினுடையது. சாட்சியம் அளித்த தமிழர் தாம் அறியாத மொழியில் எழுதப்பட்டதன்கீழ்த் தமிழில் கையொப்பமிட்டனர். நைனியப்பருக்குச் சவுக்கடியும் மூன்றாண்டுச் சிறையும் பொருட்பறிமுதலும் விதிக்கப்பட்டன. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். திருவேங்கடம் பிள்ளையும் இவ்வழக்கில் சிறைப்பட்டவர். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது ஏழு.

வழக்கு அத்துடன் முடியவில்லை. சேசு சபையாரின் எதிர்த்தரப்பினராகிய மிஷன் சபையாரும் பிரான்சு நாட்டு வணிகர் சிலரும் நைனியப்பருக்காக வாதாடினர். எபேர் பதவியிழந்தார், தீர்ப்பு நீக்கப்பட்டது. நைனியப்பரின் மகன் குருவப்பர் பாரிசு சென்று, திருமுழுக்குப் பெற்று, புனித மிக்கேல் பெயரால் வழங்கும் வீரர் பட்டத்தோடு ‘செவாலியே’ ஆகத் திரும்பித் தலைமைத் துபாசி ஆனார். தந்தைக்கு நேர்ந்த அநீதியை அரசு திருத்தியது உண்மை. ஆயின் அப்பதவியை மகன் ஏற்றபோது அவர் கிறித்தவர். இருவேறு செய்திகளும் ஒருங்கே நிற்கின்றன; இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் நீதியின் வெற்றி எனக் கொண்டாடுதல் இயலாது.

பதவிக்குச் சமயத் தகுதி

குருவப்பர் 1724இல் இறந்தபின் கனகராய முதலியார் தலைமைத் துபாசியாகி, 1746 பிப்ரவரியில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் கிறித்தவர், தமிழ்ச் சமூகத்தின் உயர்சாதி மரபுகளைக் கைவிடாதவர். 1745 நவம்பரில் உழவர்கரையில் தாம் கட்டுவித்த தேவாலயத்தின் விழாவில் அவர் எல்லாச் சாதியார்க்கும் சமயத்தார்க்கும் அவரவர் முறைப்படி விருந்தளித்ததைப் பிள்ளை விரிவாக எழுதுகிறார். கிறித்தவக் கோயிலின் விழாவைத் தமிழர் முறையில் நடத்தியது பொருந்தாது என்னும் தம் கருத்தையும் சேர்த்துக் குறிக்கிறார். இப்பகுதியில் போட்டியாளர் ஒருவரின் பொறாமை சற்றே எட்டிப்பார்க்கிறது என்றாலும், சமய எல்லைகள் குழம்புவதை அக்காலத்தார் எங்ஙனம் கண்டனர் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே ஆண்டு அக்டோபரில் தேவாலயத்துக்குள்ளேயே மற்றொரு மதில் பேசுபொருளாயிற்று. சாதிக் கிறித்தவரையும் பறையர் கிறித்தவரையும் பிரிக்கச் சம்பாக்கோவிலுக்குள் எழுப்பப்பட்டிருந்த சுவரை நீக்கவேண்டுமெனப் பறையர் கிறித்தவர் பாதிரியாரிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். போப் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் குறித்து இறுதி ஆணை பிறப்பித்தது அதற்கு முந்தைய ஆண்டு, 1744 செப்டம்பரில். சம்பாக்கோவில் பாதிரிமாரைக் கோயிலை இடித்தவர்களாக மட்டுமே நினைவில் வைக்கும் வாசிப்பு இந்நிகழ்ச்சியைக் கடந்து போய்விடுகிறது. வழிபாட்டிடத்தில் சமமாக அமரும் உரிமையை அந்நகரில் முதலில் எழுப்பியோருள் இப்பறையர் கிறித்தவரும் அடங்குவர். பிள்ளை அவர்கள் பக்கம் நின்று எழுதவில்லை. ஆயினும் அவர்கள் முறையீடு அவர் ஏட்டில்தான் தங்கியிருக்கிறது.

கனகராயர் மறைந்தவுடன் துபாசிப் பதவிக்குப் போட்டி எழுந்தது. கிறித்தவரையே அமர்த்தவேண்டும் என்னும் பழைய கோரிக்கை சேசு சபையாரால் மீண்டும் வைக்கப்பட்டது. கனகராயரின் தம்பி அதற்கேற்ற ஆளாகக் காட்டப்பட்டார். துய்ப்ளே முறையான அறிவிப்பைத் தள்ளிவைத்து, வேலையை மட்டும் பிள்ளையிடம் வாங்கினார். திறமைக்கும் சமயத்துக்கும் இடையே முடிவெடுக்காமல் வைத்திருத்தலே ஆளுநர்க்கு ஆதாயம்: பிள்ளை அஞ்சி உழைப்பார், பாதிரிமார் நம்பிக்கையோடு காத்திருப்பர். கோயில் இடிப்பின்போது பிள்ளை காட்டிய தயக்கத்தை மதிப்பிடுவோர் இந்த நிலையற்ற பதவியை மறத்தலாகாது.

மதிலைக் கடந்த பானைகள்

1746 மார்ச்சு மாதத்து இரவொன்றில் அடையாளம் தெரியாத இருவர் ஈசுவரன் கோயிலுக்குள் புகுந்து, தெய்வத் திருமேனிகள்மீது மலநீரை ஊற்றி, நந்தியின்மேல் பானையை உடைத்துச் சென்றனர். மறுநாள் மகாநாட்டார் கூடினர். துய்ப்ளே முதலில் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டார். பிறகே தலைவர்களை அழைத்துப் பேசினார். அவ்வாண்டின் இறுதியில், சம்பாக்கோவில் வளாகத்திலிருந்து எறியப்பட்ட பானையொன்று, பிள்ளையார் சன்னிதியில் இருந்தவருக்கு மிக அருகில் விழுந்து உடைந்தது. அரசு ஆளனுப்பிப் பார்வையிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அரசின் நடத்தை ஒரே அச்சில் வார்த்தது. முறையீட்டைக் கேட்கும், விசாரிக்கும், எவரையும் தண்டிக்காது. முன்பு குடிகள் ஊரைவிட்டுப் போவோம் என்றவுடன் பின்வாங்கிய அரசு, இப்போது காலந்தாழ்த்தும் அரசாக மாறியிருந்தது. இடையில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. அதுவரை வணிகர்க்கு மாற்றிடமாக இருந்த பட்டினம் இப்போது துய்ப்ளேயின் கையில். கூடலூர்ப் பக்கமோ ஓயாத போர். வடதிசையில் கதவு மூடப்பட்டது. தென்திசையில் வழி அடைபட்டது. வணிகக் கும்பினியும் மெல்லப் படையரசாக மாறிக்கொண்டிருந்தது. துணி வணிகனைக் காட்டிலும் சிப்பாய்த் தலைவன் அதற்கு இன்றியமையாதவன் ஆனான்.

1748 செப்டம்பர்

1748 ஆகத்து மாதம் கடற்படைத் தலைவர் போசுகாவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அக்டோபரில் அம்முற்றுகை தோல்வியில் முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் ஊரில் குண்டுகள் விழுந்தன. பெண்டு பிள்ளைகளோடு பலர் முன்னரே வெளியேறியிருந்தனர். செப்டம்பர் முதல் வாரத்தில் கோயிலை இடிக்க முடிவாயிற்று. மகாநாட்டார் அழைக்கப்பட்டு, எடுத்துச் செல்லக்கூடியவற்றை எடுத்துக்கொள்ளுமாறு சொல்லப்பட்டனர். திருமேனிகள் சில காளத்தீசுவரன் கோயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. எஞ்சியவற்றுக்கு நேர்ந்ததைப் பிள்ளை நடுங்கும் கையால் எழுதியிருக்கிறார்: சேசு சபைத் தலைவர் கேர்து பாதிரியார் மூலவராகிய இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்றும், துய்ப்ளேயின் மனைவி அங்கு வந்து ஊக்கினார் என்றும் குறிப்பு கூறுகிறது.

இப்பகுதியைக் கையாண்டோர் பலர் மதாம் துய்ப்ளேயின்மேல் பழியை இறக்கிவைத்து அமைதியுற்றனர். பிள்ளையும் அதற்கு இடந்தருகிறார். அவ்வம்மையார் நகர நிருவாகத்தில் தலையிடுவதையும் பாதிரிமார்க்குத் துணைநிற்பதையும் அவர் பல இடங்களில் வெறுப்புடன் எழுதியவர். ஆயின் இருவரது விருப்பமும் 1746இலேயே இருந்தது; பாதிரிமார் விருப்பம் 50 ஆண்டுகளாக இருந்தது. விருப்பம் செயலாக மாறிய நாள் முற்றுகை நாள். ஊரைவிட்டுப் போவோம் என்று சொல்ல வேண்டியவருட் பலர் அப்போது ஊரில் இல்லை. இருந்தவர்க்கு வாயிலுக்கு வெளியே பகைவரின் பீரங்கி. போகமுடியாதவன் ‘போகிறேன்’ என்று சொல்வதில் பொருளில்லை. அரை நூற்றாண்டாகக் கோயிலைக் காத்த வேலி இங்ஙனம் ஒரு மாதத்தில் இற்றுப்போயிற்று.

இவ்விளக்கத்துக்கு உரைகல்லாக அமைவது அதே குறிப்பில் வரும் மற்றொரு செய்தி. கோயிலையடுத்து மசூதியையும் இடிக்கத் தொடங்கியபோது சிப்பாய்ப் படைத்தலைவர் அப்துல் ரகுமான் ஆளுநரிடம் சென்று தடுத்தார். மசூதியில் கைவைத்தால் தம் சிப்பாய்கள் சும்மா இரார் என்பதை உணர்த்தினார். இடிப்பு நிறுத்தப்பட்டது. முற்றுகைக் காலத்தில் கும்பினிக்குச் சிப்பாய் வேண்டும், வணிகன் காத்திருக்கலாம். பாதிரிமாரின் சமயக் கொள்கைப்படி நோக்கின் மசூதிக்குத் தனிச்சலுகை காட்ட ஏதுமில்லை. கோயிலையும் மசூதியையும் வேறுபடுத்தியது இறையியல் அன்று. அவற்றின் பின்னே நின்றவர்கள் அந்த வாரத்தில் அரசுக்கு எவ்வளவு தேவைப்பட்டனர் என்பதே.

பிள்ளை தம் மக்களின் தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் ஒற்றுமையாக நின்றிருந்தால் நிகழ்ச்சி வேறாகியிருக்கும் என்று வருந்துகிறார். இவ்வருத்தத்தில் உண்மை உண்டு, தற்காப்பும் உண்டு. ஆளுநரோடு நாள்தோறும் தனித்துப் பேசும் வாய்ப்புடையவர் அவர். அவ்வாய்ப்பை இக்காரியத்துக்கு எவ்வளவு பயன்படுத்தினார் என்பதை நாட்குறிப்பு தெளிவாகச் சொல்லவில்லை. பதவியைத் துறந்து எதிர்த்திருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. நைனியப்பரின் மருகர் அவர். துபாசியின் எதிர்ப்பு எங்கே சென்று முடியும் என்பதை ஏழு வயதில் கண்டவர். ஆலோசனைச் சபையில் வாய் திறக்கவியலாத அம்மனிதர் இரவில் தம் வீட்டில் அமர்ந்து, உடைத்தவர் பெயரையும் உடைத்த முறையையும் தடுத்தவர் பெயரையும் தமிழில் எழுதி வைத்தார். பிரெஞ்சு அரசாவணம் நமக்குத் தருவது ஆளுநரின் நோக்கு. இடிபட்ட கோயிலுக்கு உரியவருள் ஒருவர் உடன்காலத்தில் தமிழில் தரும் விரிவான பதிவு இவ்வேட்டில் கிடைக்கிறது.

முற்றுகை நீங்கியதும் வெளியேறியோர் திரும்பினர். தறிகள் மீண்டும் ஓடின. பிள்ளை தம் பணியைத் தொடர்ந்தார். 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் நகரம் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர்ப் பிள்ளை இறந்துபோயிருந்தார். வெற்றி பெற்றோர் நகரை இடித்தபோது சம்பாக்கோவிலும் தப்பவில்லை; இன்று காணப்படும் பேராலயம் அதன்பின் எழுந்தது. வேதபுரீசுவரர் கோயில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறோரிடத்தில் மீளக் கட்டப்பெற்றது. அது நிற்கும் தெரு ஈசுவரன் கோயில் வீதி என வழங்குகிறது.